கழுத்துக் கட்டி ஸ்கேனில் தைராய்டையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளையின் கழுத்தில் கட்டி தென்பட்டதும் சி.டி. ஸ்கேன் எடுக்கலாமா என்று பெற்றோர் பதறுகிறார்கள். முதலில் எடுக்க வேண்டியது அல்ட்ராசவுண்ட். அதில் கதிர்வீச்சு கிடையாது, மயக்க மருந்தும் வேண்டாம். வயிற்று ஸ்கேனுக்குப் போல வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. பசித்த குழந்தை அழும், கழுத்து ஆடும், படம் கலையும். பால் கொடுத்தே கூட்டி வாருங்கள்.

வயிற்றுக்கு வைக்கும் வளைந்த புரோப் (தோலில் வைத்து ஒலி அலை அனுப்பும் ஸ்கேன் கைக்கருவி), 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ், ஆழத்தில் இருப்பதைப் பார்க்கத்தான். தோலை ஒட்டிய கட்டிக்கு 10 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையாத தட்டையான லீனியர் புரோப் வேண்டும். தோளுக்கு அடியில் மடித்த துண்டு வைத்துத் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, ஜெல்லைத் தாராளமாகத் தடவி, புரோப்பை அழுத்தாமல் வைக்க வேண்டும். அழுத்தினால் சிரைக் கட்டி சப்பிப்போய்க் கண்ணுக்குத் தப்பிவிடும்.

பக்கவாட்டில் வருவது பெரும்பாலும் நெறிகட்டுதான். அவரை விதை வடிவம், நடுவில் வெள்ளைக் கோடு, குறுக்களவு 1 செ.மீ.க்குள் என்றால் பயப்பட வேண்டாம். அந்தக் கோடு மறைந்து, நெறிகள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே சீழ் கறுப்பாகத் தெரிந்தால் காசநோயைச் சந்தேகித்து ஊசிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

எங்கள் கவலையெல்லாம் கழுத்தின் நடுவில் வரும் கட்டியைப் பற்றியது. நாக்கை நீட்டும்போது மேலே ஏறினால் தைரோகுளோசல் நீர்க்கட்டி (தைராய்டு சுரப்பி கருவில் இறங்கிய பாதையில் மிஞ்சிய நீர்ப்பை) என்று முடிவு கட்டி, அறுவைக்கு நாள் குறித்துவிடுகிறார்கள். கருவில் நாக்கின் அடியிலிருந்து கீழே இறங்கும் தைராய்டு வழியிலேயே தங்கிவிட்டாலும் அதே இடத்தில்தான் கட்டியாகத் தெரியும். சில பிள்ளைகளுக்கு உடம்பில் இருக்கும் ஒரே தைராய்டு அதுதான். அதை எடுத்துவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தைராக்ஸின் (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) மாத்திரைதான். கட்டியைப் பார்த்த கையோடு புரோப்பைக் கீழே இறக்கி, மூச்சுக்குழாயின் இருபுறமும் தைராய்டு மடல்கள் இருக்கின்றனவா என்று பார்க்க ஓரிரு நிமிடம் போதும். ஆனாலும் பல ரிப்போர்ட்டுகள் கட்டியின் அளவோடு நின்றுவிடுகின்றன.

‘தைராய்டு உரிய இடத்தில் உள்ளது’ என்ற வரி ரிப்போர்ட்டில் இல்லையென்றால், அறுவைக்குச் சம்மதக் கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அறுவை மருத்துவர்களும் அந்த வரி இல்லாத ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
குழந்தைகள் ஸ்கேன் பிரிவு மருத்துவர்கள், மதுரை