லிட்டருக்கு இருபது தருகிறதாம்

தம்பிக்கு,

நேற்று போனில் நீ வாங்க நினைக்கும் அந்தப் பழைய டீசல் காரைப் பற்றிப் பேசியபோது உன் அப்பா பக்கத்தில் இருந்தார், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு டீசல் என்றால் இன்னும் பாசம். எங்கள் டீசல் வண்டியை ஓட்டியது அவர், செலவுக் கணக்கு எழுதியது நான். அந்த நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அதைப் பிரித்து வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

இது லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தருகிறது, அதே மாடலில் பெட்ரோல் வண்டி 15 தான் தரும் என்றாய். பொய்யில்லை. ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிட 10 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் ஆற்றல் இருக்கிறது. அதோடு, டீசல் இன்ஜின் காற்றை 15 மடங்குக்கும் மேல் அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்ற வைக்கிறது. சாதாரணப் பெட்ரோல் இன்ஜினில் பத்துப் பன்னிரண்டு மடங்கோடு சரி. மைலேஜ் கூடத்தான் செய்யும்.

ஆனால் நீ எவ்வளவு ஓட்டப் போகிறாய்? வருடத்துக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 333 லிட்டர் மிச்சம். உனக்கு ஆபீஸ் 8 கிலோமீட்டர். சனி, ஞாயிறு சுற்றுவதையும் சேர்த்தால் வருடத்துக்கு 6,000 வரும் என்று வை. பெட்ரோல் வண்டிக்கு 400 லிட்டர், டீசலுக்கு 300. மிச்சம் 100 லிட்டர். நீ இருக்கும் இடத்தில் டீசல் மலிவென்றால் இன்னும் கொஞ்சம் சேரும், பெட்ரோலைவிட விலை கூடுதலென்றால் இதிலும் குறையும். டீசல் என்பதற்காக விற்கிற ஆள் எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறார் என்று பார்த்து, அதை இந்த 100 லிட்டர் விலையால் வகுத்துப் பார். எத்தனை வருடம் என்று வருகிறதோ, அதுவரை ஒரு ரிப்பேரும் வராமல் இருக்க வேண்டும்.

வராது என்று நாங்களும் நினைத்தோம். அப்பா வேலைக்குப் போனபோது தினமும் நெடுஞ்சாலையில் 70 கிலோமீட்டர். அந்த வருடங்களில் என் நோட்டில் டீசல், ஆயில், டயர் தவிர ஒன்றும் கிடையாது. ஓய்வு பெற்றபின் கார் அதேதான், ஓட்டம்தான் மாறியது. 3 கிலோமீட்டர் போவது, திரும்புவது. ஒரு வருடத்துக்குள் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரி எரிய 600 டிகிரி பக்கம் சூடு ஏற வேண்டும். அதற்கு நல்ல வேகத்தில் பதினைந்து, இருபது நிமிடமாவது நிற்காமல் ஓட்ட வேண்டும். அதற்குள் நாங்கள் வீடு வந்து வண்டியை அணைத்துவிடுவோம். கரியை எரிப்பதற்காக இன்ஜின் கூடுதலாகத் தெளித்த டீசல் எரியாமல் ஆயிலோடு கலந்திருக்கிறது. ஆயில் அளவு ஏறிக்கொண்டே போனதைப் பார்த்து, “பரவாயில்லையே, குறையவே இல்லை” என்று அப்பா சந்தோஷப்பட்டார். (இதை அவரிடம் கேட்காதே.) வடிகட்டி மாற்றிய பில்லை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதற்கு முந்தைய இரண்டு வருட டீசல் செலவைவிட அது அதிகம்.

நீ சொன்ன கார் 8 வருடத்தில் 45,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, அதனால் புதுசு மாதிரி என்றாய். எனக்கு அங்கேதான் உதைக்கிறது. ஒன்று, மீட்டரில் கை வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் எங்களைப் போலவே மூன்றும் நான்குமாக ஓட்டியிருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரு லட்சத்துக்கு மேல் ஓடி, சர்வீஸ் பில் எல்லாம் ஒழுங்காக இருக்கும் டீசலை நான் இதைவிட நம்புவேன்.

இவ்வளவு சொல்லியும் போய்ப் பார்ப்பாய் என்று தெரியும். காலையில் போ, வண்டி ஆறியிருக்கும்போது. பானெட்டில் கை வை. சூடாக இருந்தால் உனக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடு. ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலும், நீலப் புகை வந்தாலும் அந்த வண்டி வேண்டாம். டீசல் ஃபில்டரைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேள். புது டீசல் இன்ஜின்களில் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு 2,000 ‘பார்’ என்ற அளவு வரை அழுத்தம் போகிறது. டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. அதில் அழுக்கோ தண்ணீரோ போனால் தாங்காது, மாற்றினால் நம் பணமும் தாங்காது.

நாளைக்கு விற்கப் போவதையும் யோசி. உதாரணத்துக்கு, லண்டனுக்குள் புகை மாசுக்கான தினக் கட்டணம் இல்லாமல் நுழைய டீசல் கார் யூரோ 6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் இருக்க வேண்டும், பெட்ரோல் காருக்கு அதைவிடப் பழைய யூரோ 4 போதும். உன் ஊரில் என்ன விதி என்று விசாரித்துக்கொள்.

என்னைக் கேட்டால், இப்போது உன் ஓட்டத்துக்குப் பெட்ரோல் போதும். நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வேலை மாறினால் அப்போது டீசல் பார், நானே சரி என்பேன்.

கார் பார்த்ததும் போன் செய். இன்ஜின் சத்தத்தைப் போனிலேயே கேட்டுச் சொல்லிவிடுவேன் என்பார் அப்பா, கேட்கட்டும். அப்புறம் போனை என்னிடம் கொடுக்கச் சொல்.

அம்மா