சனிக்கிழமை ராத்திரி, போமன் கிரே ஸ்டேடியம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீங்கள், சித்தி, தம்பி எல்லாரும் சுகம்தானே? நான் அனுப்பிய ரேஸ் கார் படத்தைப் பார்த்துவிட்டு, "முன் சக்கரம் ரெண்டும் ஏம்மா இப்படி வெளியே துருத்திக்கிட்டு நிக்குது, மட்கார்டு எங்கே போச்சு?" என்று கேட்டீர்களே, அதைப் போனில் சொல்லி மாளாது. பட்டறை வைத்திருக்கிற உங்களுக்கு இதை விவரமாக எழுதினால்தான் எனக்கும் திருப்தி.

அந்த வண்டியை இங்கே மாடிஃபைட் என்கிறார்கள். 1930களில் வந்த பழைய கூபே கார்களை வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்து, எஞ்சினை மாற்றி, பட்டறைக்காரர்களே ஓட்டிப் பார்த்ததில் பிறந்த வகை. இப்போதெல்லாம் சேசிஸை இதற்கென்றே குழாய் வளைத்துக் கட்டுகிறார்கள், ஆனாலும் சக்கரம் மட்டும் இன்னும் வெளியேதான் நிற்கிறது. ராத்திரி வேலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், வளைவுக்குள் நுழையும்போது பிரேக் டிஸ்க் பழுக்கக் காய்ச்சிய இரும்பாகச் சிவந்து எரிவது சக்கரத்துக்குள்ளே தெரியும். டயர் துகள் கறுப்பாக வந்து சட்டையில் ஒட்டும்.

டிராக்கின் பெயர் போமன் கிரே ஸ்டேடியம், அமெரிக்காவில் நான் இருக்கும் இதே வின்ஸ்டன்-சேலம் ஊரில்தான் இருக்கிறது. நடுவில் அமெரிக்கன் ஃபுட்பால் மைதானம், அதைச் சுற்றிக் கால் மைல் தார் போட்ட டிராக், அதாவது 400 மீட்டர் சொச்சம். நம் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே 2 கிலோமீட்டருக்கு மேல் வருமே, அதோடு வைத்து நினைத்துப் பாருங்கள். வளைவில் சாய்மானம் கிடையாது, தட்டையாகக் கிடக்கிறது. சாய்மானம் இருந்தால் வெளிப்பக்கமாகவே வேகம் குறையாமல் முந்தலாம், இங்கே உள்பக்கத்தைப் பிடித்தவன்தான் ராஜா. அவனை நகர்த்த வேண்டுமென்றால் பின் பம்பரில் ஒரு இடி கொடுத்து வெளியே தள்ளிவிட்டு அந்த இடைவெளியில் நுழைய வேண்டியதுதான், இடி வாங்கியவன் சும்மா விடுவானா, அடுத்த சுற்றிலோ அடுத்த வாரமோ திருப்பிக் கொடுப்பான். ஒரு சுற்றுக்கு 14 வினாடிகூட ஆகாது. மேட்ஹவுஸ், அதாவது பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று ஊரே பட்டப்பெயர் வைத்திருக்கிறது.

இத்தனைக்கும் இது ரேஸுக்காகக் கட்டிய இடம் இல்லை. பொருளாதாரம் படுத்துப்போன காலத்தில், வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க அரசாங்கம் போட்ட திட்டத்தில் 1937-ல் கட்டத் தொடங்கியது. இந்த ஊர் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் சிகரெட் கம்பெனியின் தலைவராக இருந்த போமன் கிரே இறந்தபின், அவர் மனைவி பணம் கொடுத்ததால் அவர் பெயரை வைத்தார்கள். இங்கே கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் என்ற அமைப்பைத் தொடங்கிய பில் ஃபிரான்ஸும் ஆல்வின் ஹாக்கின்ஸும் சேர்ந்து 1949 மே 18 அன்று இங்கே தங்கள் முதல் பந்தயத்தை நடத்தினார்கள், ஃபான்டி ஃப்ளாக் என்பவர் ஜெயித்தார். அப்போதிருந்து சீசன் வந்தால் வாராவாரம் ரேஸ்தான். நாஸ்காரின் வாராந்திர டிராக்குகளில் இதற்குத்தான் வயது அதிகம்.

1958-லிருந்து 1971 வரை பெரிய பெரிய ஓட்டுநர்கள் வரும் முதல்நிலைப் பந்தயமும் இங்கே 29 முறை நடந்தது. ரிச்சர்ட் பெட்டி தன் 100-வது வெற்றியை 1969-ல் இந்தச் சின்ன வட்டத்தில்தான் எடுத்தார். அப்புறம் 1971-ல் இதே ஊர் ரெனால்ட்ஸ் கம்பெனி, தன் வின்ஸ்டன் சிகரெட் பெயரில் நாஸ்காருக்கு ஸ்பான்சராக வந்தது. மறு வருஷமே 48 பந்தயத்தை 31 ஆகக் குறைத்து, தூரம் குறைந்த பந்தயங்களை எல்லாம் கழித்துக் கட்டினார்கள். இங்கே 250 சுற்று ஓடினாலும் மொத்தம் 62.5 மைல்தானே, இதையும் தூக்கிவிட்டார்கள். உள்ளூர்ப் பணம் வந்து உள்ளூர்ப் பந்தயம் போனதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அந்தக் கடைசிப் பந்தயத்துக்கு ஒரு கதை உண்டு. கார் எண்ணிக்கை போதாமல் சின்ன ரகக் கார்களையும் சேர்த்து ஓடவிட்டார்கள். அதில் பாபி அலிசன் ஒரு மஸ்டாங்கில் முதலாவது வந்தார். ஆனால் வேறு ரகக் கார் என்பதால் அவர் கணக்கில் அதைச் சேர்க்கவே இல்லை. 53 வருஷம் கழித்து 2024 அக்டோபரில்தான் நாஸ்கார் அதை அவருடைய 85-வது வெற்றியாக ஏற்றுக்கொண்டது. அடுத்த மாதமே அவர் இறந்துபோனார். உயிரோடு இருக்கும்போதே அது கைக்கு வந்ததே, அந்த மட்டில் சந்தோஷம்.

பெரிய பந்தயம் போனாலும் சனிக்கிழமைப் பந்தயம் நிற்கவில்லை, அதைத்தான் உங்களுக்குச் சொல்ல ஆசைப்பட்டேன். அது ஊர்க்காரர்களுடையது. மையர்ஸ் குடும்பத்தின் கதையைக் கேளுங்கள். பில்லி, பாபி என்று அண்ணன் தம்பி, இரண்டு பேரும் இந்த ஊர் ஓட்டுநர்கள். பாபி 1957-ல் டார்லிங்டன் பந்தய விபத்தில் செத்தார். மறு வருஷம் பில்லிக்கு இதே போமன் கிரேயில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு, போய்விட்டார். வேறு குடும்பமாக இருந்தால் ரேஸ் என்ற பேச்சையே எடுத்திருக்க மாட்டார்கள். இவர்கள் வீட்டில் பில்லியின் மகன் ஓட்டினார், பேரன்கள் பர்ட்டும் ஜேசனும் ஓட்டினார்கள். பாபியின் மகன், பெரிய ஓட்டுநரான டேல் எர்ன்ஹார்ட்டின் அணியில் பெட்ரோல் நிரப்புகிறவராக இருந்து பேர் வாங்கினார். அந்த அணியின் முதலாளி ரிச்சர்ட் சில்ட்ரஸ், சிறுவனாக இந்த ஸ்டேடியத்துப் படிகளில் வேர்க்கடலை விற்றவர்!

பர்ட்டுக்கும் டிம் பிரௌனுக்கும் பல வருஷப் போட்டி. டிம் பிரௌன் மாடிஃபைடில் இங்கே அதிக வெற்றி எடுத்தவர், வார நாளில் ஒரு நாஸ்கார் அணியின் பட்டறையில் வேலை பார்ப்பவர், அதனாலேயே எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பிரியம். நம் பக்கம் ரேக்ளாவில் ஜெயித்த காளை எந்தத் தோட்டத்து மாடு என்று ஊர் முழுக்கப் பேசுமே, அப்படி இங்கே திங்கட்கிழமை ஆபீசில் பேச்சு ஓடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வானிலையைத் தவிர யாரும் என்னிடம் பேசியதில்லை. டிம் பிரௌனா பர்ட்டா என்று ஒரு பக்கம் சேர்ந்த பிறகுதான் மதியச் சாப்பாட்டு மேசையில் எனக்கும் நாற்காலி இழுத்துப் போட்டார்கள்.

2025 பிப்ரவரியில் பெரிய கார்கள் திரும்ப வந்தன. சாம்பியன்ஷிப் புள்ளி கிடையாது, சீசனுக்கு முன் நடக்கும் கிளாஷ் பந்தயம், சேஸ் எலியட் ஜெயித்தார். தகுதிச் சுற்றில் டிம் பிரௌனுக்கும் பர்ட்டுக்கும் கார் கொடுத்தார்கள், அதற்கு எழுந்த ஆரவாரத்தை நீங்கள் டிவியிலாவது கேட்டிருக்க வேண்டும்.

சீசன் ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்ட் வரை. வருவதாக இருந்தால் மே, ஜூனில் சனிக்கிழமை கட்டாயம் இங்கே இருக்கிற மாதிரி டிக்கெட் போடுங்கள். சித்திக்குச் சத்தம் ஒத்துக்காது, காதை மூடும் ஹெட்செட் வாங்கி வைக்கிறேன். தம்பியின் பாஸ்போர்ட் வேலை எந்த அளவில் இருக்கிறது? பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்