ஸ்விட்ச் போர்டில் கை வைக்கும் முன்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் இ-சேவை மையமும் ஜெராக்ஸ் கடையும் நடத்துபவர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் வாசல் வரை ஆள் நிற்கும்போதுதான் சிஸ்டம் ஹேங் ஆகும். உடனே கை ஸ்விட்ச் போர்டுக்குப் போகிறது. தயவுசெய்து அதை விடுங்கள். டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் கரண்ட் போனால் ஃபைல் கெடும், சில சமயம் விண்டோஸே ஏறாது. அதே போர்டில் இருக்கும் பக்கத்து சிஸ்டமும் சேர்ந்து அணையும்.

முதலில் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் சிஸ்டத்துக்கு உயிர் இருக்கிறது, ஏதோ ஒரு புரோகிராம்தான் முரண்டு பிடிக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். வராவிட்டால் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட். அதை எந்தப் புரோகிராமும் இடைமறிக்க முடியாது, நேராக விண்டோஸுக்கே போகும்.

அதில் சிபியு (பெட்டி இல்லை, உள்ளே கணக்குப் போடும் புராசஸர்) என்ற தலைப்பைக் கிளிக் செய்தால் அதிகம் தின்பது மேலே வரும். நான்கு லாஜிக்கல் புராசஸர் (விண்டோஸ் தனித்தனியாக எண்ணும் புராசஸர்) உள்ள சிஸ்டத்தில் ஒரு புரோகிராம் 25 சதவீதத்தை ஒட்டியே அசையாமல் நின்றால், கொஞ்சம்தானே என்று விடாதீர்கள். ஒரு புராசஸரை முழுசாகப் பிடித்துக்கொண்டு வெறுமனே சுற்றுகிறது. எண்ட் டாஸ்க் கொடுங்கள்; சேவ் செய்யாதது போகும். மறுபடி முளைத்தால் டீட்டெயில்ஸ் பகுதியில் எண்ட் புராசஸ் ட்ரீ.

'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்த உடனே கொன்றுவிட வேண்டாம். 5 நொடி பதில் சொல்லாவிட்டாலே விண்டோஸ் அப்படி எழுதிவிடும். 600 டிபிஐயில் நாற்பது பக்கம் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கினால் அது வரத்தான் செய்யும். டிஸ்க் எண் ஏறி இறங்குகிறதா? இரண்டு நிமிஷம் பொறுங்கள்.

சிபியு சும்மா இருந்து டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால், 4 ஜிபி ராம் நிரம்பி டிஸ்கில் வழிகிறதா என்று மெமரி எண்ணைப் பாருங்கள். குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் எந்த டேப் கனம் என்று காட்டும். அதை மட்டும் மூடலாம்.

பிரிண்ட் கொடுத்து மாட்டிக்கொண்டால் விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை (பிரிண்ட்களை வரிசையில் நிறுத்தி அனுப்புவது) ஸ்டாப் செய்து, விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போய், அங்கிருக்கும் ஃபைல்களை மட்டும் அழித்து, ஸ்டார்ட் செய்யுங்கள். ஃபோல்டரை அழிக்கக் கூடாது. நின்றுபோன பிரிண்ட்களை மறுபடி கொடுக்க வேண்டும்.

கத்திரி வெயிலில் இன்னொன்று. நம்ம ஊர்ச் சூட்டைச் சொல்லவா வேண்டும்? சூடேறினால் புராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேலை நடக்கும்போதும் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஸ்பீடு, பேஸ் ஸ்பீடுக்கு வெகு கீழே கிடந்தால் ஹீட் சிங்கில் (புராசஸர் மேலிருக்கும், சூட்டை இழுக்கும் உலோகத் துண்டு) அடைத்த தூசியைத் தட்டுங்கள்.

கேப்ஸ் லாக் விளக்கே அசையவில்லையா? பவர் பட்டனை 10 நொடி அழுத்திப் பிடியுங்கள். இதுவும் கரண்டைப் பிடுங்குவது போலத்தான். பக்கத்து சிஸ்டமாவது தப்பிக்கும். மற்றபடி, வேலை முடிந்ததும் ஒரு தடவை ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட் டவுன் போதாது: உள்ளிருக்கும் கெர்னலை, அதாவது விண்டோஸின் மையப் பகுதியை, அப்படியே சேமித்துவைத்து மறுநாள் காலை அதையே எடுத்துப் போடும்.

இப்படிக்கு,
உங்கள் சிஸ்டங்களைப் பழுது பார்ப்பவர்கள், வேலூர்