ஒரு பழைய வேட்டிக்கு நன்றி

வட கரோலினாவின் கேரி, மோரிஸ்வில், ராலே பக்கத்து நண்பர்களுக்கு,

வணக்கம். ஹெலீன் புயலைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. மலைப்பக்கம் என்ன ஆனது என்று நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். வெள்ளத்தில் நனைந்த எங்கள் வாத்தியங்களில் நான்கு மறுபடி பேசுகின்றன. அதைச் சொல்லத்தான் இந்த மடல். நாங்கள் ஒரு புளூகிராஸ் குழு, அதாவது அமெரிக்க மலைநாட்டுக் கம்பி வாத்திய இசை வாசிப்பவர்கள். குழுவின் ஐந்து பேரும் சொல்லச் சொல்ல, நிகழ்ச்சிகளில் ஒலியமைப்பைக் கவனிக்கும் தமிழர் எழுதியது.

முதல் நன்றி வயலின் டீச்சருக்கு. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குழந்தைகளுக்குக் கர்நாடக இசை சொல்லித்தருபவர், புளூகிராஸ் கேட்டதில்லை. தண்ணீர் பாட்டில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போன வண்டி, திரும்பும்போது எங்கள் பெட்டிகளை ஏற்றி வந்து அவர் வீட்டு கராஜில் இறக்கியது. அவர் செய்தது பெரிய காரியம் இல்லை என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகவே என்ன செய்தார் என்று எழுதிவிடுகிறோம்.

பெட்டியைத் திறக்காமல் வைப்பதுதான் பத்திரம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் வெல்வெட்டும் பஞ்சும் குடித்த தண்ணீரை விடாது. ஓரிரு நாளில் பூஞ்சை வந்துவிடும். டீச்சர் முதலில் எல்லாப் பெட்டிகளையும் திறந்து வாத்தியங்களை வெளியே எடுத்தார். அடுத்து கம்பிகளைத் தளர்த்தினார். தச்சர்கள் வச்சிரம் என்பார்களே, அந்த மாட்டுத்தோல் பசையால்தான் பழைய நல்ல வாத்தியங்களை ஒட்டியிருப்பார்கள். ஈரத்தில் அது இளகும். இளகிய நேரத்தில் கிட்டாரின் ஆறு கம்பிகளும் 80 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தால் கழுத்து முன்னால் வளையும், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வரும்.

தளர்த்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. பிடிலுக்குள் சவுண்ட் போஸ்ட் என்று ஒரு குச்சி நிற்கிறது, 6 மி.மீ. பருமன். பசை கிடையாது, மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே இறுக்கத்தில் மட்டும் நிற்பது. ஒரு கம்பியை முழுக்க அவிழ்த்துவிட்டு அடுத்ததற்குப் போனால் இழுவை ஒருபக்கம் கூடி அது சாயலாம். சாய்ந்த பிறகும் மிச்சக் கம்பிகள் முறுக்காக இருந்தால் மேல்பலகை உள்ளே அமிழும். டீச்சர் கம்பி முறுக்கும் நான்கு பிரடைகளையும் அரைச் சுற்று, அரைச் சுற்றாக வரிசையாகத் திருப்பிக்கொண்டே வந்திருக்கிறார். கடைசியில்தான் பிரிட்ஜைக் கழற்றினார். மாண்டலினில் எட்டுக் கம்பி. அதற்கும் இதே பொறுமை.

பிறகு வேட்டி. பலமுறை துவைத்து மெத்தென்றான எட்டு முழ வேட்டியைக் கிழித்து, லேசாக நனைத்து, சேறு காயும் முன்னரே துடைத்தெடுத்தார். காய்ந்தபின் தேய்த்தால் சேற்றிலுள்ள மணல் வார்னிஷைக் கீறிவிடும். கிருமி போகட்டும் என்று ஒருவர் சானிடைசரை நீட்ட, டீச்சர் அதைத் தட்டிவிட்டாராம். அந்த ஒரு தட்டுக்கே தனி மடல் எழுதலாம். சானிடைசரில் இருப்பது ஆல்கஹால். அரக்கு கலந்த பழைய வார்னிஷ் அதில் கரைந்து கையோடு வந்துவிடும். ஹேர் டிரையர், வெயில், ஹீட்டர் எதையும் அவர் கிட்டே விடவில்லை. வெளிப்பக்கம் சட்டென்று காய்ந்து சுருங்க, உள்பக்கம் ஈரத்தில் ஊதியபடியே இருந்தால் பலகை வெடிக்கும். செல்போனைப் போல அரிசி மூட்டைக்குள் வைக்கலாமா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல மனதுடன் கேட்டதுதான். ஆனால் அரிசி மாவு உள்ளே போனால் எடுக்கவே முடியாது.

கிட்டாரின் முதுகுப்பலகை ஓரத்தில் பசை விட்டிருந்தது. அங்கே வேட்டித் துண்டை இறுக்காமல் சுற்றி, பலகை கோணாமல் பிடித்துவைத்தார். சில மணி நேரத்துக்கு ஒருமுறை துணி மாற்றினார்.

கழன்றதையெல்லாம் ஜிப் பையில் போட்டுத் தமிழில் எழுதி ஒட்டியிருந்தார். பிடில் பிரிட்ஜ் இருந்த பையில் எந்தப் பக்கம் தாழ்வு என்று அம்புக்குறி. மெல்லிய கம்பிப் பக்கம் தாழ்ந்திருக்கும். மாற்றி வைத்தால் தடித்த கம்பி தாழ்ந்து, வில் போடும்போது விரல் வைக்கும் பலகையில் இடிக்கும். பழுதுபார்ப்பவர் கடைசிவரை புரியாமல் கேட்டது கம்பிகள் இருந்த பையைத்தான். அதில் 'ஸ ப ஸ ப' என்று எழுதியிருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பிடில்காரர் மவுன்ட் ஏரி பக்கத்தவர். அங்கே புளூகிராஸுக்கு முந்திய ஆட்டப்பாட்டு மரபு இன்னும் உயிரோடு இருக்கிறது. புளூகிராஸுக்கு அவர் பிடிலை ஜி, டி, ஏ, ஈ என்ற மேற்கத்திய சுரங்களுக்கு வழக்கம்போல் சேர்ப்பார். பழைய ஆட்டப்பாட்டுகளுக்கு ஏ, ஈ, ஏ, ஈ என்று சேர்த்த இரண்டாவது பிடில் ஒன்று உண்டு. நனைந்தது அதுதான். ஏ, ஈ, ஏ, ஈ என்பது நம் வயலின் வித்வான்கள் சேர்க்கும் ஸ, ப, ஸ, ப-வின் அதே இடைவெளி, அதே வரிசை. தளர்த்தும் முன் டீச்சர் மெல்ல மீட்டிப் பார்த்து, இது யாரோ கர்நாடக இசை வாசிப்பவருடையது என்று நினைத்திருக்கிறார். பிடில் என்ற சொல்லே நம் வீடுகளில் புழங்கியதுதானே.

மற்ற நால்வர்: மேளம் போன்ற வட்ட முகமுள்ள கம்பி வாத்தியமான பாஞ்சோ வாசிப்பவர், புகழ்பெற்ற பாஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பிறந்த கிளீவ்லாண்ட் கவுன்டிக்காரர், கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் உருட்டும் அந்தப் பாணியில்தான் வளர்ந்தார். கிட்டார்காரர், கிட்டார் மேதை டாக் வாட்சனின் வட்டாகா கவுன்டி. பிடில் மெட்டுகளை ஒற்றை பிக்கால் (மீட்டும் சில்லால்) கிட்டாரில் வாசிக்கிற மரபு. ஆளுயரப் பெரிய பிடில் போன்ற பேஸை வாசிப்பவர் ஜாஸிலிருந்து வந்தவர். மாண்டலின்காரர் தேவாலயத்தில் பல குரலில் பாடிப் பழகியவர், மேல்குரல் டெனர் அவருடையது. 1945 டிசம்பரில் ஸ்க்ரக்ஸ் சேர்ந்த பிறகு புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் புளூ கிராஸ் பாய்ஸ் குழுவில் இருந்தவையும் இதே ஐந்து வாத்தியங்கள்தான். மேளமே கிடையாது. நாலெண்ணிக்கையில் ஒன்றிலும் மூன்றிலும் பேஸ் விழ, இரண்டிலும் நான்கிலும் மாண்டலின் 'சாப்' என்று வெட்டும், அதுதான் தாளம். ஸ்ரீநிவாஸ் கையிலிருந்த மின் மாண்டலினை நினைத்துக்கொள்ளாதீர்கள், இது அடித்தால் மரம் அதிரும் வாத்தியம். ஒரு வாத்தியம் போனால் பாட்டில் அந்த இடம் ஓட்டையாகவே கிடக்கும்.

1985 நவம்பரில் மன்றோவின் வீட்டுக்குள் புகுந்த யாரோ அவருடைய 1923 கிப்சன் எஃப்-5 மாண்டலினைக் கணப்புக் கிளறும் இரும்பால் அடித்து நொறுக்கிவிட்டார்கள். வாத்தியம் பழுதுபார்க்கும் சார்லி டெரிங்டன் சில்லு சில்லாகச் சேர்த்து அதை மறுபடி வாசிக்க வைத்தார். சில்லுகளைப் பொறுக்கி வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. டீச்சரின் ஜிப் பைகளைப் பார்த்ததும் எங்களுக்கு அந்த நினைவுதான்.

பாஞ்சோவைப் பிரிக்க டீச்சர் கை வைக்கவில்லை. பின்பக்கத்து நான்கு திருகுகளைக் கழற்றி பின்மூடியான ரெசனேட்டரை மட்டும் எடுத்துக் காற்றாட விட்டார். அதுவும் சரி. மேப்பிள் அடுக்குகளாலான வளையம் நீரில் ஊதி, ஒன்றேகால் கிலோவுக்கு மேல் எடையுள்ள வெண்கல டோன் ரிங் (ஒலி வளையம்) அதன்மேல் சிக்கியிருந்தது. தட்டி எடுத்திருந்தால் மரம் பிளந்திருக்கும். காற்றில் 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் இருக்கும் அறையில் ஆறு வாரம் கிடந்த பிறகு அது தானாக விட்டது. 24 கொக்கிகளையும் எதிரெதிராகக் கால் சுற்று வீதம் முறுக்கி, பாஞ்சோ முகத்தைத் தட்டினால் ஜி ஷார்ப் சுரம் கேட்கும்வரை கொண்டுவந்தோம். ஒருபக்கமாகவே முறுக்கினால் முகம் கிழியும். மாண்டலினுக்குள் ஒரு சட்டம் விட்டிருந்தது. சுமார் 60 டிகிரியில் காய்ச்சிய வச்சிரத்தை எஃப் வடிவத் துளை வழியே விட்டு ஒட்டியாயிற்று. பிடிலில் ஓர விளிம்பு மட்டும் திறந்திருந்தது. அங்கே வேண்டுமென்றே பசையைத் தளர்வாகப் போடுவார்கள், பலகை வெடிப்பதற்குப் பதில் விளிம்பு விடட்டும் என்று. கிட்டாரும் தேறிவிட்டது.

பேஸ் தேறவில்லை. ஒட்டுப்பலகை பேஸ் அது. அடுக்குகள் புத்தகம்போல் பிரிந்துவிட்டன. அதற்கு யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

பேஸ் இரவல் தந்த பள்ளி இசைக்குழு, கூலி வாங்காமல் பழுதுபார்த்தவர், வண்டியில் ஏற்றி வந்த தம்பிகள், ஆறு வாரமும் கராஜைத் தங்களுக்கென்று கேட்காத டீச்சர் வீட்டார், நிகழ்ச்சிகளைத் தள்ளிவைத்து முன்பணத்தைத் திருப்பிக் கேட்காத அரங்குக்காரர்கள், இட்லி கொண்டுவந்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனியே எழுத வேண்டியதுதான், கை வரவில்லை.

இனி எங்கள் வண்டியில் வாத்தியப் பெட்டி எதுவும் தரையில் இருக்காது. ஈரமானியும் ஜிப் பைகளும் பேனாவும் பழைய பருத்தித் துணியும் ஒரு பெட்டியில் நிரந்தரமாக இருக்கும். கம்பி தளர்த்துகிற முறையை ஓட்டுநர் உட்பட எல்லோரும் கற்றுக்கொண்டோம்.

டீச்சர், வேட்டித் துண்டுகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். இரண்டில் சேற்றுக்கறை போகவில்லை. உங்கள் வீட்டு ஐயாவுக்குப் புது வேட்டி எடுத்தாயிற்று. நாலு முழமா எட்டு முழமா என்று தெரியாமல் இரண்டும் எடுத்திருக்கிறோம். 'ஸ ப ஸ ப' எழுதிய பையை மட்டும் திருப்பித் தர மாட்டோம். பிடில்காரர் அதைத் தன் பெட்டி மூடியின் உள்ளே ஒட்டிவிட்டார்.