வெட்டாமல் மடித்துத் தைத்தவருக்கும் மற்றவர்களுக்கும்

திருவையாற்றில் என்னைத் தெரிந்த எல்லோருக்கும் வணக்கம்.

ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்தே பழகியவன் நான். எனக்காக எழுதும் முதல் மடல் இது. ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கத்தான் கை போகிறது, அடக்கிக்கொள்கிறேன்.

விஷயம் என் உடம்பு. போன ஆண்டு தை மாதத்தில் 91 கிலோ இருந்தவன், சித்திரை முடிவதற்குள் 80-க்கு வந்தேன். ஊரே பார்த்தது. நானும் ஊரைக் கூட்டித்தான் காட்டினேன். சோற்றை அடியோடு நிறுத்தினேன், இரவில் பட்டினி கிடந்தேன், டப்பாவில் வந்த ஏதோ ஒரு மாவைப் பாலில் கலக்கிக் குடித்தேன். (மாவின் பெயர் வேண்டாம். கொடுத்த விலையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.) ஆனி மாதத்து முகூர்த்தம் ஒன்றில் இலைமுன் உட்கார்ந்தேன். அவ்வளவுதான். இந்த ஜனவரியில் எடை 94. அசலோடு மூன்று கிலோ வட்டியும் சேர்ந்து வந்துவிட்டது.

‘என்ன, மறுபடியும் உடம்பு போட்டுவிட்டதே’ என்று கேட்டவர்களுக்கு இந்த மடலில் இடமில்லை. கேட்காமல் இருந்தவர்களுக்குத்தான் இது.

முதல் நன்றி, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் தங்கைக்கு. தியாகராஜர் ஆராதனைக் கூட்டம் கலைந்த வாரம். அம்மாவுக்குப் பார்த்துவிட்டுக் கருவியைப் பைக்குள் வைக்கப் போனவர், “அண்ணன், நீங்களும் கையை நீட்டுங்கள்” என்றார். 150-க்கு 96. ஒன்றும் சொல்லாமல் இன்ச் டேப்பை எடுத்து என் இடுப்பைச் சுற்றினார். 42 அங்குலம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டுமாம். மறுநாளே சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை என்றால் நோயின் வாசற்படி, 6.5 ஆகிவிட்டால் உள்ளே நுழைந்தாயிற்று. வெளியே அத்தனை பேர் காத்திருக்க, எனக்காகப் பத்து நிமிடம் ஒதுக்கிய அந்த டாக்டர் அம்மாவை மறக்க மாட்டேன். பட்டினி கிடந்தபோது கொழுப்பு மட்டும் கரையவில்லை, தசையும் சேர்ந்து கரைந்திருக்கிறது. திரும்பி வந்ததில் பெரும்பங்கு கொழுப்பு என்று விளக்கினார். தசை குறைந்தால் சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தியும் குறையுமாம். “வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே அதிகம். நடை வாரத்துக்கு 150 நிமிடம் போதும். சோற்றை நிறுத்தாதீர்கள், குறையுங்கள்” என்றார்.

வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு முறை தொடங்கினால் ஊர் சிரிக்குமே என்பதுதான் கவலை. எதிர்வீட்டுச் சித்தப்பா வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ஜூன் 12-இல் மேட்டூரில் தண்ணீர் திறக்காவிட்டால் குறுவை போயிற்று. அதற்காக நிலத்தைத் தரிசாகவா போட்டுவிடுகிறோம்? சம்பா வைக்கிறோம். போடா” என்றார். சாயங்காலமே இரண்டு மரக்கால் மாப்பிள்ளைச் சம்பா அரிசி வந்து சேர்ந்தது. இரவே ஊறவைக்க வேண்டிய அரிசி. மென்றுதான் விழுங்க முடியும், அதனாலேயே சீக்கிரம் போதும் என்று ஆகிவிடுகிறது. பாரம்பரிய அரிசி என்பதற்காக இரண்டு தட்டு தின்றால் அதுவும் தொப்பையில்தான் போய்ச் சேரும் என்பதை நானே சோதித்துப் பார்த்துவிட்டேன்.

என் மனைவி செய்தது இன்னும் எளிது. சோறு போடும் பெரிய கரண்டியைப் பரணில் ஏற்றிவிட்டாள். தட்டில் முதலில் கீரை, பிறகு வாழைத்தண்டுக் கூட்டு, அவை பாதி காலியான பிறகுதான் சோறு, சின்னக் கரண்டியில் இரண்டு. போன ஆண்டு நான் சோற்றை ஒதுக்கியபோது மூன்று மாதம் என்னோடு சரியாகப் பேசாத அம்மாவும் இதை ஏற்றுக்கொண்டார். காவிரிக்கரையில் பிறந்தவன் சோறு வேண்டாம் என்றால் அது அவருக்குச் சாபம் மாதிரி.

டீக்கடை மாஸ்டர் விஷயம் எனக்கே ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. கணக்குப் போட்டால் ஐம்பது கிராம். ‘சர்க்கரையைக் குறையுங்கள் மாஸ்டர்’ என்று நான் சொல்லியிருந்தது உண்மை. ஒரே நாளில் குறைத்தால் மூன்றாம் நாள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவேன் என்று அவருக்குத் தெரியும். வாரம் கால் கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். ஒரு நாள் அவசரத்தில் வேறொருவர் டீயை எடுத்துக் குடித்துவிட்டு, ‘என்ன, பாயசமா?’ என்று கேட்டேன். மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “அண்ணன், ஒரு மாதத்துக்கு முன்னால் நீங்கள் குடித்தது அதுதான்.”

அசோகா அல்வா விற்கும் கடைத் தம்பிக்கும் நன்றி. பாசிப்பருப்பில் செய்வதுதானே, புரதம்தானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு கால் கிலோ வாங்கியவன் நான். நெய்யும் சர்க்கரையும் எந்தப் பருப்பில் வந்தன என்று யோசித்ததில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஐம்பது கிராம். முகம் சுளிக்காமல் வாழையிலைத் துண்டில் மடித்துத் தருகிறான்.

விடிகாலை நடைக்குத் துணை, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஐயா. ஐந்தரைக்குக் கிளம்பி, காவிரிப் பாலம் தாண்டி, குடமுருட்டிப் பாலம் வரை போய்த் திரும்புவோம். எடையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. எந்த ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்பதுதான் பேச்சு. பங்குனியில் நான்கு நாள் நான் எழவில்லை. கூப்பிடவும் இல்லை, காரணம் கேட்கவும் இல்லை. வாசலில் நின்று ஒருமுறை இருமிவிட்டு நடந்தார். ஐந்தாம் நாள் அந்த இருமலுக்காகவே செருப்பை மாட்டினேன்.

இப்போது ஆவணி. எடை 86, இடுப்பு 39. இன்னும் மூன்றரை அங்குலம் பாக்கி.

கடைசியாகத் தையல்கடை பாய். போன ஆண்டு என் சாம்பல் நிறப் பேன்ட்டைப் பிடித்துத் தரக் கொடுத்தபோது, மிச்சத் துணியை அவர் வெட்டவில்லை. உள்ளே மடித்துத் தைத்திருந்தார். உடம்பு திரும்பியதும் தையலைப் பிரித்தார். மடிப்புக்குள் இருந்த துணி வெளுக்காமல் இருந்ததால் பின்புறம் விரல் அகலத்துக்குக் கருநிறக் கோடு ஒன்று தெரிந்தது. சட்டையை வெளியே விட்டு மறைத்துக்கொண்டே ஒரு வருடம் போட்டேன். போன வாரம் அதே பேன்ட்டை மறுபடியும் எடுத்துப் போனேன். திருப்பிப் பார்த்து, கோட்டின் மேல் சாக்பீஸ் வைத்தார்.

“இந்த முறை வெட்டிவிடலாமா தம்பி?”

“வேண்டாம் பாய். தீபாவளி கழியட்டும்.”

சிரிக்காமல் தலையாட்டிவிட்டு, துணியை உள்ளே மடித்து மெஷினை மிதிக்கத் தொடங்கினார்.

நன்றியுடன்,
ஜெராக்ஸ் கடைக்காரன், திருவையாறு