அந்தக் குவாரிக் குழியில சிப்பி கிடைக்காதுங்கய்யா

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை பேப்பர்ல அருப்புக்கோட்டை ரோட்டுப் பக்கம் மூடிக்கிடக்குற வெள்ளைக்கல், அதான் சுண்ணாம்புக்கல் குவாரியைப் பத்தி போட்டோவோட போட்டிருந்தீங்க, சந்தோஷம். ஆனா அரியலூர் மாதிரி இங்கனயும் தேடுனா கல்லா மாறின பழைய சிப்பி, சங்கு கிடைக்கும்னு எழுதிட்டீங்க, இப்ப லீவு நாளானா பசங்க சுத்தியலோட பைக்ல வந்து இறங்குறாங்க. அந்தக் குவாரியோட கல்லுடைக்கிற கிரஷர்ல ஒன்பது வருஷம் எடைமேடையில உக்காந்து பில் போட்டவன் நான், ஒரு சிப்பி பாத்ததில்ல.

ஏன் இல்லன்னு அப்ப எனக்கும் தெரியாது. ஜியாலஜி படிக்கிற தம்பி ஒருத்தன் சின்ன பாட்டில்ல ஆசிட்டோட வந்தான், அவன்தான் சொன்னான். அரியலூர் சுண்ணாம்புக்கல் கடல்ல படிஞ்சு பத்து கோடி வருஷத்துக்கு உள்ளதான் ஆகுது, படிஞ்சது படிஞ்சபடி கிடக்கு, அதான் சிப்பி முழுசா வருது. நம்ம மதுரை வட்டாரத்துக் கல்லு அப்படியில்ல, கடல்ல படிஞ்சது பூமிக்குள்ள பல கிலோமீட்டர் ஆழத்துக்குப் போயி, சுமார் 55 கோடி வருஷம் முன்னாடி 800, 900 டிகிரி சூட்டுல வெந்து வந்தது. அது படிஞ்ச காலத்துல சிப்பி போட்ட உயிரினமே உலகத்துல இல்லங்குறான், இருந்திருந்தாலும் அந்த வேக்காட்டுல என்ன மிஞ்சும்? உடைச்சுப் பாருங்க, கல்கண்டு உடைச்ச மாதிரி பளபளன்னு மணி மணியா இருக்கும், அது வெந்ததோட அடையாளம்.

எனக்கு ஒரு டவுட்டு வந்துச்சு. மதுரையில காளவாசல்னு ஒரு ஸ்டாப்பே இருக்கு, சுண்ணாம்புக் காளவாசல்ல அதே 900 டிகிரிக்குத்தான் கல்லைச் சுடுறாங்க, சுத்தமான கல்லு 100 கிலோ போட்டா 44 கிலோ கார்பன் டை ஆக்சைடா பறந்துட்டு 56 கிலோ சுண்ணாம்புதான் கைக்கு வரும், அப்ப பூமிக்குள்ள வெந்த கல்லு ஏன் சுண்ணாம்பா மாறிப் போகலன்னு கேட்டேன். மேல உக்காந்திருக்கிற பாறையோட அமுக்கத்துல வாயு வெளிய போக வழியில்லண்ணே, குக்கர்ல வெயிட் போட்ட மாதிரின்னான். இதைக் கேட்டதும் அந்தக் கல்லு மேல எனக்கு ஒரு மரியாதையே வந்துருச்சு.

அப்புறம் கிழக்குச் சுவத்தைக் காட்டினான். படுத்துக்கிடந்த அடுக்கெல்லாம் மடங்கி நெட்டுக்குத்தலா நிக்குது. வெள்ளைப் பட்டையில ஆசிட் விட்டா புஸ்ஸுன்னு நுரைக்குது, சுண்ணாம்புக்கல்லுக்கு அதுதான் அடையாளமாம், பக்கத்துலயே பச்சையும் செவப்பும் கலந்த பட்டை, அதுல விட்டா ஒண்ணுமே இல்ல. கடல்ல படியும்போதே மணலும் களியும் கலந்த அடுக்காம் அது, சூட்டுல சுண்ணாம்போட சேந்து டயாப்சைடு, கார்னெட்டுனு வேற கனிமமாவே மாறிருச்சு. எங்க ஆபரேட்டரு இந்தப் பட்டை வந்தாலே வைவாரு, வெள்ளைக்கல்லை கத்தியாலயே கீறலாம், இது கிரஷர்ல கல்லைக் கடிச்சு உடைக்கிற இரும்புத் தாடை, அந்த ஜா பிளேட்டையே தின்னுரும். வெள்ளைக்குள்ள கருப்பா செதில் செதிலா மின்னுறது கிராபைட்டு, விரல்ல தேச்சா பென்சில் மாதிரி ஒட்டும், சிவகங்கைப் பக்கம் சுரங்கம் போட்டு எடுக்குறாங்கல்ல, அதே சரக்கு.

இவ்வளவையும் உடைச்சு ரோட்டுக்கு ஜல்லியாவும் மொசைக் சிப்ஸாவும் அனுப்பிட்டோம், டஸ்ட்டு கோலப்பொடிக்குப் போச்சு. காங்கிரீட்டுக்குக் கருங்கல் ஜல்லிதான் வேணும்னு இன்ஜினியருங்க நிப்பாங்க, அதனால ரேட்டும் கம்மி.

இதை எழுதுறதுக்குக் காரணமே வேற. அந்தக் குழியில குப்பையைக் கொட்டி மூடிரலாம்னு இப்ப பேச்சு அடிபடுது. சுண்ணாம்புக்கல்லுல வெடிப்பு இருந்தா தண்ணி அதைக் கரைச்சு வழியைப் பெருசாக்கிக்கிட்டே போகும், குப்பையில இருந்து இறங்குற புளிச்ச தண்ணின்னா கேக்கவே வேணாம், நேரா சுத்துப்பட்டு கிணத்துக்குத்தான் போகும். தெக்க இருக்கிற தோட்டக்காரங்க எல்லாம் அந்தத் தண்ணியை நம்பித்தான் மல்லி போட்டிருக்காங்க. கொட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஜியாலஜிஸ்ட்டைக் கூட்டிட்டுப் போயி அந்த வெடிப்பைக் காட்டுங்கன்னு உங்க பேப்பர்லயாவது கேளுங்க. கிழக்குச் சுவத்தை மட்டுமாவது பள்ளிக்கூடப் பிள்ளைங்க பாக்குற மாதிரி வேலி போட்டு விட்டா புண்ணியமாப் போகும்.

போட்டோகிராபரை மறுபடி அனுப்புனா சாயங்காலம் நாலு மணிக்கு மேல வரச்சொல்லுங்க, அப்பதான் அந்தச் சுவத்துல வெயில் நேரா விழுந்து பட்டை பட்டையாத் தெரியும். நீங்க போட்டது உச்சி வெயில்ல எடுத்த படம், சுவரு பூரா வெள்ளையடிச்ச மாதிரி இருக்கு.

இப்படிக்கு,
பழைய எடைமேடைக்காரன்,
வில்லாபுரம், மதுரை.