கீசர் ஊறுவதில்லை, பீறிடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கீசர் என்றால் குளியலறைச் சுவரில் தொங்கும் வெந்நீர்ப் பெட்டிதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் முதலில் அது ஐஸ்லாந்தின் ஹவுக்கடாலூர் பள்ளத்தாக்கில் உள்ள ஒரே ஒரு ஊற்றின் பெயர். அந்த ஊர்க்காரர்கள் அதை கெய்சிர் என்கிறார்கள், பீறிட்டுப் பாய்வதைக் குறிக்கும் அவர்களுடைய வினைச்சொல்லில் இருந்து வந்த பெயர். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்து, அப்புறம் உலகத்தில் இப்படிப் பொங்கும் எல்லா ஊற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. 1868இல் லண்டனில் பெஞ்சமின் மாகன் என்பவர் தாம் செய்த எரிவாயு வெந்நீர்க் கருவிக்கு இதே பெயரை வைத்தார், அதுதான் நம் வீடு வரை வந்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் இப்படிப் பொங்கும் கீசரை வெறும் 'வெந்நீர் ஊற்று' என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது. ஊற்று என்றால் மெல்ல ஊறுவது. கெய்சிருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஸ்ட்ரோக்கூர் என்ற இன்னொரு கீசரில் தண்ணீர் முதலில் நீலக் குமிழாக உப்பி, மறுநொடியே வெடித்து 15, 20 மீட்டர் உயரம் எழும்புகிறது, சில நிமிடத்துக்கு ஒருமுறை. இதையா ஊறுகிறது என்பது? 'பீறிடும் வெந்நீர் ஊற்று' என்று உங்கள் நாளிதழாவது எழுதலாமே.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்